முன் சக்கரத்தில் தட்டியது யார்?

அன்று காரில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சரியாகச் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைச் சந்தேகப்படக் கூடாது.

ஸ்டியரிங்கில் நான். பக்கத்து சீட்டில் மெக்கானிக் சீனு – தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட ஈரம். பின்னால் என் மனைவி சரோஜா. அவளுக்குப் பக்கத்தில் அவளுடைய தம்பி தாமு. லாரிகளை எடை போடும் என் மேடையில் தனியாக ஏறி நின்று நம்பரை அசைத்துக் காட்டிய ஒரே மனிதன் அவன்தான். நூற்றுப் பத்துக் கிலோ.

ஆக, நான்கு பேர். டிக்கியில் ஸ்டெப்னியும் ஒரு பழைய கோணியும். ஐந்தாவது ஆள் கிடையாது.

அப்படியானால் தட்டியது யார்?

ஆரம்பத்திலிருந்து வருகிறேன். வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு என் பயங்கள் புதிதல்ல. கேஸை மூடினோமா என்று பார்க்க பாதி வழியில் திரும்பி வந்து, மூடியிருப்பதைப் பார்த்து, திரும்பவும் கிளம்பி, ‘பார்க்கும்போது கை பட்டுத் திறந்திருக்குமோ’ என்று மறுபடி வந்தவன் நான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படித்தவர்களுக்கு ஒரு விஷயம் புரியாவிட்டால் புத்தகத்தைப் பார்க்கிறார்கள். எனக்குப் புரியாவிட்டால் நேராகப் பயம்தான்.

பங்காருபாளையத்தில், மாங்காய் லாரிகளை எடை போடும் மேடையில் எனக்கு வேலை. சித்தூரில் வீடு. தினமும் போக வர ஒரு பழைய கார். இரண்டு வருஷத்துக்கு முன் புரோக்கர் மூலம் வாங்கியது. நல்ல கார்தான். இந்த வருஷம் சீசனின் கடைசி வாரம் வரை.

அந்த வாரம் மகள் பவானியைத் திருப்பதியில் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்துகொண்டிருந்தோம். நான், சரோஜா, பவானி, துணைக்கு வந்த தாமு. ஊருக்குள் வந்து எங்கள் தெரு முனையில் ஸ்டியரிங்கை வளைத்து ஒடித்தேன்.

டக்... டக்... டொக்.

இடது முன் சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து வந்தது. இரும்பு உடைகிற சத்தம் இல்லை. கல் தெறிக்கிற சத்தமும் இல்லை. ‘உள்ளே வரலாமா?’ என்று கேட்டு யாரோ கதவைத் தட்டுவார்களே – அப்படி. அவசரமே இல்லாமல்.

“கேட்டியா?” என்றேன்.

“இன்னா கேக்கணும்?” என்றாள் சரோஜா. ஆனால் கண்ணாடியில் பார்த்தேன் – அவள் கை பவானியின் கையைப் பிடித்திருந்தது.

இங்கே பவானியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். போன முறை ஏழாம் மாதத்தில் தவறிப்போயிற்று. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. இந்த முறை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் – வலி வரும் என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம், சொன்ன தேதிக்கு வந்து அட்மிட் ஆகிவிடுங்கள். அந்தத் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. சித்தூரிலிருந்து திருப்பதிக்கு எழுபது கிலோமீட்டர். அந்த எழுபதும் இந்தக் காரில்தான்.

வாடகைக் கார் எடுக்கலாமே என்பீர்கள். எடுக்கலாம். அந்தக் காரில் என்ன சத்தம் வருகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் வேலைக்குப் போனதும் முதல் காரியமாக, எங்கள் எடை மேடைக்கு எதிரே புளியமரத்தடியில் இருந்த பஞ்சர் கடைக்குப் போனேன். கடை என்றால் கடை இல்லை. ஒரு காற்று மிஷின், ஒரு தண்ணீர்த் தொட்டி, மரத்தில் கட்டித் தொங்கவிட்ட ஒரு டயர். மாங்காய் லாரிகள் வருகிற இரண்டு மாதத்துக்கு மட்டும் வந்து உட்காருகிற ஒல்லி மனிதர். நாற்பது வயது இருக்கும். பெயர் கேட்டுக்கொண்டதில்லை.

நாலு சக்கரத்துக்கும் காற்று அடித்தார். இடது முன் சக்கரத்துக்கு வந்தபோது குனிந்தவர் நிமிரவே இல்லை. கையை டயரின் உள்பக்கம் விட்டுத் தடவிக்கொண்டே இருந்தார்.

“சாமி, இங்க வா. கை வை.”

வைத்தேன். டயரின் உள்பக்கச் சுவரில் மெல்லிசாக ஒரு கோடு. வட்டமாகச் சுற்றிப் போயிற்று.

“யாரோ நகத்தால கீறின மாதிரி கீது பாத்தியா?” என்றார். “மேலேர்ந்து ஏதோ வந்து தொட்டுக்கினு போவுது. இன்னாதுன்னு பாரு. வுட்டுடாத.”

இருபது ரூபாய் என்றார். என்னிடம் ஐந்நூறு ரூபாய் நோட்டு. அவரிடம் சில்லறை இல்லை. ஸ்கேன் பண்ணலாம் என்றால் அவருடையது பட்டன் போன். “ரேப்பு குடு சாமி, நாளைக்கு. இன்னா ஓடியா போறே” என்றார்.

நான் திரும்பி வந்து மேடை அறையில் உட்கார்ந்தேன். அன்று எத்தனை லாரிக்குத் தப்பாக எடை எழுதினேனோ, தெரியாது. காதில் இரண்டே வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது.

நகத்தால். கீறின மாதிரி.

நீங்களே சொல்லுங்கள்... தட்டுகிற சத்தம் ஒரு பக்கம், நகக் கீறல் ஒரு பக்கம். என் மாதிரி ஆளுக்கு இது போதாதா?

புரோக்கருக்குப் போன் போட்டேன். “அந்தக் காரை எனக்கு முன்னாடி யார் வெச்சிருந்தாங்க?” என்று கேட்டேன்.

“இப்ப எதுக்கு அண்ணா அதெல்லாம்?” என்றார். வைத்துவிட்டார்.

அவ்வளவுதான். சாயங்காலமே ஏழு பச்சை மிளகாய், ஒரு எலுமிச்சை, ஒரு கரித்துண்டு கோத்து முன் பம்பரில் கட்டினேன். சரோஜா பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். இடது முன் சக்கரத்துக்கு மட்டும் இரண்டு.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. உச்சி வெயில். எல்லோரும் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு வந்து, காரை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டோம். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

டொக்.

ஒரே ஒரு முறை.

பவானி முன்னறையிலிருந்து குரல் கொடுத்தாள். “நைனா, வெளில யாரோ தட்றாங்க பாரு.”

போய்க் கதவைத் திறந்தேன். வாசலில் யாரும் இல்லை. கார் மட்டும் நின்றது. இன்ஜின் அணைந்து, சாவி என் பாக்கெட்டில்.

“யாரு நைனா?”

“யாருமில்லம்மா. பேப்பர்க்காரன்.”

மத்தியான நேரத்தில் எந்தப் பேப்பர்க்காரன்? அவள் வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு காரையே பார்த்தாள்.

இனி மெக்கானிக் கதை. உங்களில் கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும் – வண்டியில் சத்தம் வருகிறது என்று மெக்கானிக்கிடம் போனால், அந்தச் சத்தம் வாசலிலேயே இறங்கிக்கொள்ளும்.

திருப்பதியில் ஒரு பெரிய ஒர்க் ஷாப்புக்குப் போனேன். ஏசி ரூம், காப்பி. யூனிபார்ம் போட்ட பிள்ளைகள் தனியாக ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தார்கள். “சத்தம் ஏதும் ராலேது சார்” என்றார்கள். வரவில்லையாம். வராத சத்தத்துக்கு முன்பக்கம் மொத்தத்தையும் மாற்ற ஒரு எஸ்டிமேட் கொடுத்தார்கள். முப்பத்து நாலாயிரம். தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். தட்டுகிறது யார் என்று தெரியாமல் வீட்டையே இடித்துக் கட்டுகிற மாதிரி இருந்தது.

பிறகுதான் சித்தூர் சீனு. பைபாஸ் பக்கத்தில் ஷெட். தெலுங்குக்காரர். என்னோடு தமிழில்தான் பேசுவார், தண்ணீராகப் பேசுவார். எதற்கும் தயங்காதவர். காரைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

“லிங்க் ராடு அண்ணா. லோயர் ஆர்ம் புஷ்ஷும் போயிருக்கும். நம்ம ரோட்டுக்கு வேற இன்னா? மாத்திட்டா பட்டுனு நின்னுடும்.”

சக்கரத்தைச் சட்டத்தோடு பிடித்து வைக்கிற சாமான்களாம். மாற்றினார். பழையவற்றை ஒரு பையில் போட்டு என் கையிலேயே கொடுத்தார். ஒன்பதாயிரத்து நானூறு வாங்கினார். தனியாக ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டினார். சத்தமே இல்லை. நானும் மறுநாள் தனியாக வேலைக்குப் போய் வந்தேன். சத்தமே இல்லை. எலுமிச்சை பாதி, சீனு பாதி என்று நன்றியைப் பங்கு போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குத் திரும்பினேன்.

டக்... டக்... டொக்.

இந்த முறை யாரும் ‘கேட்டியா’ என்று கேட்கவில்லை. பவானி மட்டும் மெதுவாகச் சொன்னாள். “நைனா, நான் பஸ்ல போயிடறேன். எதுக்கு வம்பு?”

ஒன்பது மாதக்காரி. எழுபது கிலோமீட்டர். பஸ்ஸில். அட்மிட் ஆக இன்னும் எட்டே நாள்தான்.

மறுபடி சீனுவிடம் போனேன். ஓட்டிப் பார்த்தார். “இல்லியே அண்ணா!” என்றார். இன்னொரு நாள் போனேன். “இல்லியே!” சத்தம் எனக்கும் என் குடும்பத்துக்கும் மட்டும்தான் கேட்கிறதா? அல்லது இவர் புது சாமான் என்று பழசைத் துடைத்து மாட்டிவிட்டாரா? இரண்டில் எது நிஜமாக இருந்தாலும் எனக்குத் தூக்கம் கிடையாது.

தாமுதான் தீர்ப்புச் சொன்னான். “மாமா, இதுக்கு எதுக்கு மண்டைய உடைச்சிக்கினு? அந்த சீனுவ காணிப்பாக்கம் இட்டுக்கினு போ. பிள்ளையார் முன்னாடி நிக்க வை. தப்பு பண்ணியிருந்தா வரவே மாட்டான்.”

எங்கள் ஜில்லாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆடு காணாமல் போனதிலிருந்து அண்ணன் தம்பி பாகம் வரைக்கும், ‘காணிப்பாக்கத்தில் சொல்லு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். குளத்தில் தலை முழுகி, ஈரத் துணியோடு சாமி முன்னால் நின்று பிரமாணம் செய்ய வேண்டும். பொய் சொன்னால் தொண்ணூறு நாள் தாண்டாது என்பார்கள். என்ன தாண்டாது என்று யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள்.

ஆனால் ஒரு லிங்க் ராடுக்கு யாராவது பிரமாணம் கேட்டிருப்பார்களா? நான் கேட்டேன்.

சீனு கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். பக்கத்து டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

“பதினெட்டு வருஷமா ஷெட் வெச்சிக்கினு கீறேன் அண்ணா,” என்றார். “ஒருத்தரும் என்ன இத கேட்டதில்ல.”

எனக்கு அப்போதே காலில் விழலாமா என்றிருந்தது. ஆனால் பவானியின் ‘பஸ்ல போயிடறேன்’ காதில் இருந்தது. விழவில்லை.

“சரி. நாளைக்கு வரேன். உன் வண்டிலயே வரேன்.”

மறுநாள் காலை போனோம். சாட்சிக்கு என்று தாமு ஏறிக்கொண்டான். சாமிக்கு என்று சரோஜா ஏறிக்கொண்டாள். பவானிக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு அம்மாவை விட்டுவிட்டு வந்தோம். போகும்போது நேர் ரோடு. கார் ஒரு முனகல்கூட இல்லாமல் போயிற்று. சத்தம் வராதா என்று நான் ஏங்கிக்கொண்டு போனது அன்று ஒரு நாள்தான்.

சீனு குளத்தில் முழுகினார். சட்டை பேண்ட்டோடு. தண்ணீர் வழிய வழிய வந்து நின்று, கை கூப்பி, உரக்கச் சொன்னார்.

“இவரு வண்டிக்கு நான் போட்டது எல்லாம் புது சாமான். பழசு மாட்டல. வாங்கின வெலைக்கு மேல ஒரு ரூபா சாமான்ல வெக்கல. பொய்யா இருந்தா என்ன கேளு.”

குரல் நடுங்கவில்லை. அவர் சொன்னது நிஜம் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அப்படியானால் மிச்சம் இருப்பது ஒன்றுதானே? தட்டுவது சாமான் இல்லை.

திரும்பும்போது மெயின் ரோட்டில் ஏதோ வேலை. மண்ணைக் கொட்டி மறித்திருந்தார்கள். மாந்தோப்புகள் வழியாகப் போகிற கிராமத்து ரோட்டில் திருப்பிவிட்டார்கள். சீசன் முடிந்த தோப்பு எப்படி இருக்கும் தெரியுமா? காவல் குடிசைகள் காலி. அழுகின மாங்கொட்டை வாசனை. வரிசை வரிசையாக மரங்கள், அடியில் கறுப்பு நிழல். எவ்வளவு தூரம் பார்த்தாலும் ஒரே மாதிரி. காற்று இல்லை. பட்டப்பகல் பன்னிரண்டு மணி.

ரோடு ஒரு இடத்தில் கைமுட்டி மாதிரி மடங்குகிறது. வேகத்தைக் குறைத்து, முழுக்க ஒடித்தேன்.

டக்... டக்...

நான் சீனுவைப் பார்த்தேன். சீனு தன் காலடியைப் பார்த்தார்.

டொக்.

“நிறுத்து!” என்றார். “நிறுத்தண்ணா, நிறுத்து!”

நிறுத்தினேன். இன்ஜினை அணைத்து, நால்வரும் இறங்கினோம். அப்போதுதான் தெரிந்தது, அந்தத் தோப்பில் குருவிச் சத்தம்கூட இல்லை. நான்கு பேரும் காரிலிருந்து நாலடி தள்ளி நின்றோம் – யாரும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. பம்பரில் மிளகாய் காய்ந்து சுருங்கித் தொங்கிற்று. சீனுவின் சட்டை நுனியிலிருந்து தண்ணீர் மண்ணில் சொட்டுவது கேட்டது.

பிறகு, யாரும் தொடாமல், யாரும் உள்ளே இல்லாமல், கார் தட்டியது.

டொக்.

சரோஜா “அய்யோ சாமி” என்று தாமுவுக்குப் பின்னால் போனாள். தாமு எனக்குப் பின்னால் வந்தான். அவ்வளவு பெரிய உடம்பு எனக்குப் பின்னால் எப்படி மறையும்? ஆனாலும் முயற்சி செய்தான்.

நான் சீனுவைப் பார்த்து, “இது இன்னா?” என்றேன்.

அவர் முகம் வெளுத்திருந்தது. வாயைத் திறந்தார். லிங்க் ராடு என்பாரோ, புஷ் என்பாரோ என்று காத்திருந்தேன். இத்தனை நாளும் என்னோடு தமிழில் மட்டுமே பேசிய மனிதரின் வாயிலிருந்து தெலுங்கு வந்தது.

“தெலீது.”

பிறகு மெதுவாக, “எனக்குத் தெரியல அண்ணா” என்றார்.

வாசகர்களே, திருப்பதியிலும் சித்தூரிலும் நான் பார்த்த அத்தனை பேரிலும் அந்த வார்த்தையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. எதுவுமே தெரியாத ஒரு மெக்கானிக் கிடைத்ததும், சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு முதல்முறையாகக் கொஞ்சம் தைரியம் வந்தது.

சீனு காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். நின்றார். தாமுவை மேலும் கீழும் பார்த்தார்.

“அண்ணா, நான் எப்பவும் தனியாதான ஓட்டிப் பாத்தேன்?”

“ஆமா.”

“நீ தனியா போறப்ப சத்தம் வருதா?”

யோசித்தேன். தினமும் வேலைக்குத் தனியாகப் போகிறேன்... வருகிறேன்... ஒரு நாளும் இல்லை.

“எல்லாரும் ஏறு. யாரும் எறங்கக் கூடாது. நான் சொல்றப்ப ஸ்டியரிங்க ஒடி.”

ஏறினோம். அவர் அந்த ஈர உடம்போடு மண்ணில் மல்லாந்து படுத்து, இடது முன் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டார். எனக்குத் தெரிந்தது அவருடைய இரண்டு கால்கள் மட்டும். ஒரு காரும் மூன்று பேரின் எடையும் அவர் கைக்கு மேலே.

“ஒடி!”

ஒடித்தேன். டக். கால்கள் அசையவில்லை.

“இன்னும்!”

டக்... டொக். “அம்மா!” என்று ஒரு சத்தம். கால்கள் துள்ளின. நான் கண்ணை மூடிக்கொண்டேன். தொண்ணூறு நாள் இல்லை, ஒன்பது நிமிஷத்தில் பலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

எழுந்து வந்தார். சேறு, ஈரம். நடுவிரலில் ரத்தம் – மெல்லிசாக, நேராக ஒரு கோடு.

“ஸ்பிரிங்கு,” என்றார். “கீழ் சுத்து உடைஞ்சிருக்கு அண்ணா. கப்புக்குள்ள ஒளிஞ்சிக்கினு இருக்கு, பார்த்தா தெரியாது. லோடு ஏறினாதான் உடைஞ்ச முனை வெளில வரும். வந்து... இதோ இதத் தொடும்.”

டயரின் உள்பக்கம் விரலை வைத்துக் காட்டினார். குனிந்து பார்த்தேன். அவர் விரலில் இருந்த அதே கோடு. அன்று மெல்லிசாக இருந்தது, இன்று ஆழமாகி, ரப்பர் பிளந்து, உள்ளே நூல் நூலாகத் தெரிந்தது.

“நிறுத்தின பெறகு எப்படித் தட்டுது?” என்றேன்.

“ஆளுங்க எறங்கினா பாரம் கொறையுது இல்ல? மாட்டிக்கினு நின்ன முனை மெதுவா வழுக்கி எடத்துக்கு வருது. அதான்.” கொஞ்சம் நிறுத்தி, “இன்னும் ஒரு பள்ளம் அண்ணா. வேகமா போறப்ப, நாலு பேரோட. டயரு வெடிச்சிருக்கும்” என்றார்.

நாலு பேரோடு. திருப்பதிக்குப் போகும்போது நாங்கள் நாலு பேர்தான். வயிற்றில் இருப்பதையும் சேர்த்தால் ஐந்து.

லோடு லாரி ஒரு எடை, காலி லாரி ஒரு எடை என்று நாள் முழுக்க எழுதிப் பிழைக்கிறவன் நான். என் காரில் அதை யோசித்தேனா? மிளகாய் கட்டினேன்.

திரும்பி வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். காரில் பாரம் ஏறக் கூடாது. எனவே சீனு மட்டும் உட்கார்ந்து, மனிதன் நடக்கிற வேகத்தில் ஓட்டினார். நாங்கள் மூன்று பேரும் பின்னால் நடந்தோம். மாந்தோப்புக்கு நடுவில், உச்சி வெயிலில், மெதுவாக நகருகிற ஒரு காருக்குப் பின்னால் பேசாமல் நடக்கிற மூன்று பேர். எதிரே வந்த ஒரு டிராக்டர்காரர் எங்களைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டி, தலைத் துண்டை எடுத்துவிட்டு, நாங்கள் தாண்டும்வரை நின்றார். அவர் என்ன நினைத்தார் என்று புரிந்தது. திருத்தவில்லை.

கார் வழியெல்லாம் தட்டவே இல்லை. அந்த அமைதியில் ஒவ்வொரு அடியிலும் நான் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன்.

இரண்டு பக்கமும் புது ஸ்பிரிங், ஒரு புது டயர். ஷெட்டில் எல்லாம் முடிந்த பிறகு சீனு கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“அந்தப் பழைய சாமான் பை வெச்சிருக்கியா அண்ணா?”

டிக்கியிலிருந்த கோணிக்குள் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். ஒன்றை எடுத்து ஆட்டிக் காட்டினார். ஆடவில்லை.

“இது கெட்டுப் போவல. இதுவும் போவல. நான் பிரமாணம் பண்ணது பொய் இல்ல. புதுசுதான் போட்டேன். ஆனா பழசு கெட்டுப் போச்சான்னு நீ அங்க கேக்கல.” தலையைக் குனிந்துகொண்டார். “நான் அந்தாஜா மாத்தினேன். சாமி கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பேன்னு முழுகினப்பவே யோசிச்சேன்.”

அந்தாஜ் என்றால் உத்தேசம். ஸ்பிரிங் வேலைக்குக் கூலி வாங்க மறுத்தார். முன்பு வாங்கிய கூலியையும் கொடுத்துவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்தான். அவருக்குச் சொல்லாமல் விட்டது இன்னொன்றும் உண்டு. டீக்கடைக்காரர்கள் முன்னால் ஒரு மன்னிப்பு. அதை மறு வாரம் அதே பெஞ்சில், அதே ஆட்கள் இருக்கிற நேரம் பார்த்துப் போய்ச் சொல்லிவிட்டேன். “இன்னா அண்ணா இது, டீ ஆறுது பாரு” என்றார். அவ்வளவுதான்.

சொன்ன தேதியில் பவானியை ஏற்றிக்கொண்டு திருப்பதி போனோம். எழுபது கிலோமீட்டர். ஒரு சத்தம் இல்லை. ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற வளைவில் மட்டும் நால்வரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

“இன்னா நைனா, தட்டவே இல்ல?” என்றாள் பவானி. “பயமா கீது.”

நான்காம் நாள் ஆண் பிள்ளை. நல்ல உரத்த குரல். கேட்டதும், எங்கிருந்து வருகிறது என்று சந்தேகமே வராத சத்தம்.

பிள்ளையைப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பிய நாள், மேடை அறையில் உட்கார்ந்து எதிரே பார்த்தேன். புளியமரம் மட்டும் இருந்தது. சீசன் முடிந்துவிட்டது. காற்று மிஷின் இல்லை, தொட்டி இல்லை. மரத்தில் டயர் தொங்கிய கயிறு மட்டும் மிச்சம். காற்றில்லாமலே லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

‘மேலேர்ந்து ஏதோ வந்து தொட்டுக்கினு போவுது. இன்னாதுன்னு பாரு. வுட்டுடாத.’

இரண்டாம் நாளே, ஒரு பைசா எஸ்டிமேட் இல்லாமல், கையைப் பிடித்து டயரில் வைத்துச் சொன்ன மனிதர். அவர் சொன்னதில் நகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டேன். நாளைக்குத் தர வேண்டிய காசையும் அந்தப் பயத்தில் மறந்துவிட்டேன். பக்கத்துக் கடைகளில் விசாரித்தேன். பலமனேர் பக்கம் என்றார் ஒருவர். இல்லை, மதனப்பள்ளி என்றார் இன்னொருவர். பெயர் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த மாங்காய் வரும்வரை, நாலு சக்கரத்துக்குக் காற்று அடித்த வகையில், நான் அவருக்குத் தர வேண்டிய பாக்கி – இருபது ரூபாய்.